ஹப்சிகுடா வண்டியும் சனத்நகர் வண்டியும்

சம்பந்தம் கார் வாங்கப் போகிறார் என்ற செய்தி மெட்டுகுடா முழுக்கப் பரவி மூன்று மாதம் ஆகியும் கார் மட்டும் வந்தபாடில்லை. பார்த்து வைத்திருந்தது இரண்டே இரண்டு வண்டிகள். ஒன்று ஹப்சிகுடா ஷோரூமில், இன்னொன்று சனத்நகர் ஷோரூமில். காம்பாக்ட் எஸ்யூவி என்று அவற்றுக்குப் பெயர். இரண்டு கம்பெனிக்காரர்களும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் போல ஒருவரை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டே செய்த வண்டிகள். நீளம் ஒன்று, உயரம் ஒன்று, எதிரே வருகிறவனை முறைக்கிற முறைப்பும் ஒன்று. வீட்டில் அவற்றுக்கு ஹப்சிகுடா வண்டி, சனத்நகர் வண்டி என்றே பெயர் நின்றுவிட்டது.

சம்பந்தத்துக்கு அறுபத்திரண்டு வயது. வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு, பட்டாளத்துக் கன்டோன்மென்டில் வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் வேலூர்த் தமிழ், நடுநடுவே ஊர் உருது: ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ. சனத்நகரில் ஒரு இன்ஜினியரிங் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் இன்ஸ்பெக்ஷனில் இருந்து ரிடையர் ஆனவர். அளவுக் கருவியை வைப்பதற்கு முன்பே, இது தலைமயிர் அளவு அதிகம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். கடைசல் பிரிவுக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அளந்து பார்ப்பார்கள். அளவுக் கருவி ஒரு தடவையாவது அவரைக் காட்டிக்கொடுக்காதா என்று ஏங்கியவர்கள் உண்டு. அது எப்போதும் சம்பந்தத்தின் பக்கமே பேசியது.

தொழிற்சாலைக்கு வெளியே அவருக்கு இன்னொரு கௌரவம் இருந்தது. சொந்தபந்தத்தில் முதலில் கார் வாங்கியவர் அவர். யார் ரயிலில் வந்து இறங்கினாலும், யாருக்கு இடுப்பு வலி கண்டாலும், யார் வீட்டில் முகூர்த்தம் என்றாலும், சம்பந்தம்தான் இருக்கிறானே என்று நிம்மதியாக இருப்பார்கள். அவரும் சலித்துக்கொண்டே சாவியை எடுப்பார். அவரைக் கூப்பிடாமல் யாராவது டாக்ஸியில் போய்விட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இப்படிப்பட்டவர் ஜனவரியில், மூக்குக் கண்ணாடி மாற்றுவதற்காக, தனியாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். மோவாயை ஒரு தாங்கியில் வைத்து, ஒரு கிண்ணத்துக்குள் பார்க்கச் சொன்னார்கள். உள்ளே வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். கொஞ்ச நேரம் புள்ளிகள் வந்தன, அமுக்கினார். பிறகு வரவே இல்லை. மெஷின் நின்றுவிட்டது, சொல்லலாமா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற நர்ஸ், தூங்கிவிட்டீர்களா சார் என்று கேட்டாள். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. புள்ளிகள் வந்துகொண்டுதான் இருந்தன.

கண்ணில் பிரஷர் ஏறி ஓரப்பார்வை போய்விட்டது, இடது பக்கம் ரொம்பவே போயிருக்கிறது என்றார் டாக்டர். நடுப்பார்வை தெளிவாக இருப்பதால் வெளியே தெரியாதாம். போனது போனதுதான், சொட்டு மருந்து இருப்பதைக் காப்பாற்றும், வண்டி மட்டும் இனி ஓட்டக் கூடாது. சம்பந்தம் இதை மூன்று தடவை திரும்பத் திரும்பக் கேட்டார். டாக்டர் மூன்று தடவையும் அதையேதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, பவர் கொஞ்சம் கூடியிருக்கு என்று மட்டும் மனைவி வேதவல்லியிடம் சொன்னார். மருந்துக் குப்பியை ஷேவிங் பெட்டிக்குள் ஒளித்தார். அதே வாரத்தில், இன்ஜின் சத்தம் சரியில்லை என்று சொல்லிப் பழைய காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். கார் இல்லாவிட்டால் ஓட்டு என்று யாரும் சொல்லப் போவதில்லை, விஷயம் இத்தோடு முடிந்தது என்று நினைத்தார்.

அங்கேதான் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். கச்சிபவுலியில் வேலை பார்க்கும் மகள் ஹர்ஷிதா, அப்பாவுக்குப் புது வண்டி ஆசை வந்துவிட்டது, வாய்விட்டுக் கேட்க மாட்டாமல் பழையதை விற்றிருக்கிறார் என்று முடிவுகட்டினாள். புது வண்டி தன்னுடைய பரிசு என்றாள். இரண்டு வண்டிகளைக் குறித்துக் கொடுத்ததும் அவள்தான். வேண்டாம் என்று சொல்ல சம்பந்தத்திடம் காரணம் ஒன்றும் இல்லை. இருந்த ஒரே காரணத்தை அவர் சொல்லத் தயாராக இல்லை.

எதற்கும் ஆசைப்பட்டு அறியாத வேதவல்லி இந்த ஒரு வண்டிக்கு ஆசைப்பட்டுவிட்டாள். முப்பத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் அவள் காரில் முன்சீட்டில் உட்கார்ந்ததே கிடையாது. பழைய காரில் முன்சீட்டு எப்போதும் யாராவது பெரியவருக்கோ விருந்தாளிக்கோ போய்விடும். அவள் பின்னால், பைகளுக்கு நடுவே, மடியில் பலகார டப்பாவோடு உட்காருவாள். அது அவளுக்கு ஒரு குறையாகவே தோன்றியதில்லை என்றுதான் சம்பந்தம் எண்ணியிருந்தார். இப்போது அவள் வெட்கத்தோடு சொன்னாள்: புது வண்டியில் முன்னால் உட்கார்ந்து, கர்னூல், கடப்பை வழியாக, தோன்றிய இடத்தில் நிறுத்தி டீ குடித்துக்கொண்டு, வேலூரில் இருக்கும் தங்கை பாமா வீட்டுக்குப் போக வேண்டும். ரயிலில் நக்கோ, அவர்கள் இருவர் மட்டும்.

ஹப்சிகுடா வண்டி அவளுக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று. ஏறும்போது முட்டி வலிக்கவில்லையாம். ஷோரூமிலேயே முன்சீட்டில் பத்து நிமிஷம் கண்ணாடி வழியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கி வந்து, இதுவே இருக்கட்டுங்க என்றாள்.

சம்பந்தம் நொட்டை சொல்லத் தொடங்கினார். பின்கதவின் இடுக்கு மேலே ஒரு அளவாகவும் கீழே ஒரு அளவாகவும் இருக்கிறது என்றார். விற்பனைப் பையன் சரத் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நிஜம்தான் சார் என்று ஆச்சரியப்பட்டான். நிஜமேதான். தலைமயிர் அளவு வித்தியாசம் இன்னமும் அவர் கண்ணுக்குத் தப்பாது. இடது பக்கம் ஒரு ஆள் வந்து நின்றால் மட்டும்தான் தெரியாது. சரத் வேறு வண்டி வரவழைத்தான். அதற்குள் அவர் சனத்நகருக்குப் போய் அங்கே சீட்டுத் தையலில் குறை கண்டுபிடித்தார். அங்கிருந்து திரும்பி இங்கே ஸ்டெப்னி சிறிசு என்றார். ஓட்டிப் பாருங்கள் என்று யார் சொன்னாலும், நீ ஓட்டு, நான் பின்னால் உட்கார்ந்து சத்தம் கேட்கிறேன் என்று பின்சீட்டில் ஏறிக்கொள்வார். இன்ஸ்பெக்ஷன்காரர் அல்லவா, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு ஷோரூம்களிலும் அவர் தலையைக் கண்டதும் டீக்குச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு பக்கம் நழுவினார்கள். "அப்பா, ஏதோ ஒகட்டி ஃபைனல் சேயண்டி" என்று, ஏதாவது ஒன்றை முடிவு பண்ணச் சொல்லி, ஹர்ஷிதா தெலுங்கில் கெஞ்சினாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது.

வேதவல்லி மட்டும் ஒன்றும் கேட்காமல் இருந்தாள். கடைசியில் ஒரு மத்தியானம், இரண்டு வண்டிக்குமே ஹாரன் சரியில்லை என்று அவர் சொன்னபோது, பிசைந்துகொண்டிருந்த மாவை விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"ஊர்ல யாருக்கு என்னன்னாலும் ஓடுவீங்க. எனக்குன்னு ஒண்ணு வாங்கணும்னா மட்டும் உங்க கண்ணுக்கு இத்தனை குறை தெரியுதா?"

சொல்லிவிட்டு உள்ளே போனாள். அப்போது எழுந்து போய் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லவில்லை. சொல்லிவிட்டால், சம்பந்தம் இருக்கிறானே என்று இனி யாரும் சொல்ல மாட்டார்கள் என்ற பயம் அவரை அமுக்கியது. இதைக் கோழைத்தனம் என்றால் தப்பில்லை. மனைவி தன்னைக் கல்நெஞ்சுக்காரன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, குருடன் என்று நினைத்துவிடக் கூடாது என்று ஒரு மனுஷன் மூன்று மாதம் இருந்தார் என்றால் வேறென்ன சொல்வது?

ஆனால் அவள் கேட்ட கேள்வி அவரை அறுத்துக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை, ஹப்சிகுடா வண்டியையே வாங்கிவிடலாம் என்றார். பகலில் மட்டும் ஓட்டுவது, மெதுவாகப் போவது, அடிக்கடி தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வது என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு அதை அவரே நம்பியும்விட்டார். வேதவல்லி பீரோவிலிருந்து நல்ல புடவையை எடுத்தாள்.

ஷோரூமில் சரத் சாவியை நீட்டி, கடைசியாக ஒரு தடவை நீங்களே ஓட்டிப் பாருங்கள் சார் என்றான். வேதவல்லி அதற்குள் முன்சீட்டில் ஏறி பெல்ட்டை எப்படிப் போடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்த பிறகு அவரால் சாவியை வாங்காமல் இருக்க முடியவில்லை. சரத் பின்னால் ஏறினான்.

மெயின் ரோட்டில் நன்றாகத்தான் போனது. வேதவல்லி முன்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தாள், கடைகளைப் பார்த்தாள், ஓட்டுகிற அவரையும் ஒரு தடவை பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு அது. எட்டாம் நம்பர் தெருவுக்குள் திரும்ப சம்பந்தம் இண்டிகேட்டர் போட்டு, இடது பக்கம் ஒடித்தார்.

"நிறுத்துங்க!" என்று அலறினாள் வேதவல்லி.

கால் தானாக பிரேக்கை மிதித்தது. சரத் வந்து முன்சீட்டின் முதுகில் மோதினான். சம்பந்தம் நேரே பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், ஒருவரும் இல்லை.

"யாரு? என்ன ஆச்சு?" என்றார்.

இடது விளக்குக்கு ஒரு முழம் தள்ளி, ஒரு பெண் சின்னக் குழந்தையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். பளபளக்கிற மஞ்சள் புடவை. வண்டியின் மேல் ஓங்கித் தட்டி, கண் தெரியவில்லையா என்று தெலுங்கில் கத்தினாள். எல்லாரும் எல்லா ஓட்டுநர்களையும் கேட்கிற கேள்விதான். சத்தம் வந்த பிறகுதான் சம்பந்தம் தலையைத் திருப்பி அவளைக் கண்டுபிடித்தார்.

வேதவல்லி இப்போது அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கைப் பக்கம் வைத்த மோர் டம்ளரை அவர் ஓயாமல் தட்டிவிட்டதும், இடது பக்கம் நின்று அவள் பேசும்போதெல்லாம் திடுக்கிட்டதும், கவனமே இல்லையா என்று அவள் திட்டியதும் எல்லாம் அந்த ஒரு பார்வையில் கூடி வந்தன. அவர் முகம் அதை ஒப்புக்கொண்டது.

பிறகு அவள் நடந்துகொண்டதுதான் அவர் எதிர்பாராதது. சரத்தின் பக்கம் திரும்பி, தனக்குத் தலை சுற்றுகிறது, நீயே ஓட்டிக்கொண்டு போ தம்பி என்று தெலுங்கில் சொன்னாள். இறங்கிப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். சம்பந்தமும் இறங்கிப் பின்னால் வந்தார்.

ஷோரூமில் ஹர்ஷிதாவின் போன் வந்தது. இனிப்பு வாங்கிக்கொண்டு மத்தியானம் வருவதாக இருந்தாள். சம்பந்தத்தின் கையிலிருந்த போனை வேதவல்லி வாங்கிப் பேசினாள்.

"எனக்கு ரெண்டு வண்டியுமே பிடிக்கலம்மா. உயரமா இருக்கு, உட்கார்ந்தா மயக்கம் வருது. அப்பா நல்லாத்தான் ஓட்டினாரு. எனக்குத்தான் ஒத்துக்கல. கார் நக்கோ."

மகள் விட்டுவைக்கவில்லை. போனிலிருந்து அவள் குரல் சரத் வரைக்கும் கேட்டது. மூன்று மாதமாக அப்பாவை நாயாய் அலையவிட்டுவிட்டு இப்போது பிடிக்கவில்லையா, உனக்காகத்தானே அவர் ஒவ்வொரு ஸ்க்ரூவாகப் பார்த்தார், உன்னைத் திருப்திப்படுத்த ஆண்டவனே வந்தாலும் ஆகாது என்று தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பொரிந்து தள்ளினாள். வேதவல்லி, ஆமாம்மா, என் தப்புதாம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சம்பந்தம் கைக்கெட்டும் தூரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். போனை இப்படிக் கொடு என்று கையை நீட்டவும் செய்தார். அவள் தலையை அசைத்துத் தடுத்தாள். நீட்டிய கையை அவர் இறக்கிக்கொண்டார்.

வெளியே வந்து ஆட்டோ பிடித்தார்கள். கொஞ்ச தூரம் போன பிறகு அவள் கேட்டாள்.

"எப்பலேர்ந்து?"

"ஜனவரி."

"டாக்டர்கிட்டத் தனியாவா போனீங்க?"

"ஹவ்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள், திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. அவளோ, ஹர்ஷிதாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம், சொன்னால் நாலு பேருக்குப் போய்விடும், பிறகு உங்களை ஒருத்தரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னாள். அவர் யாரிடமும் சொல்லாத பயம் அது. அவளுக்கு எப்போதோ தெரிந்திருந்தது.

அவள் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். அழுகிறாளா என்று பார்க்க வேண்டுமானால் அவர் முகத்தை முழுசாகத் திருப்ப வேண்டும். மெட்டுகுடா வந்து ஆட்டோ நிற்கும்வரை அவருக்கு அந்தத் தைரியம் வரவில்லை.