நானே போவதா, அவர்கள் சொல்லட்டுமா?

பனியன் கம்பெனியில் நிறம் பார்த்துச் சொல்லும் வேலைக்கு இரண்டு கண்ணும் ஒரு வடக்கு ஜன்னலும் போதும். அவற்றில் ஜன்னல் மட்டும் நன்றாக இருந்த ஒரு வருஷத்தைப் பற்றித்தான் இது. வெளிநாட்டில் பேங்குகள் சாய்ந்து, திருப்பூருக்கு ஆர்டர் குறைந்த சமயம். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. நானாக நின்றுகொள்வதா, நிற்கச் சொல்லும்வரை உட்கார்ந்திருப்பதா என்று எட்டு மாதம் யோசித்தேன். இப்போது அதே யோசனையில் தூக்கம் கெட்டிருப்பவர்கள் இதைப் படிக்கலாம். மற்றவர்களுக்கும் ஒரு நாள் உதவும்.

ரெஸ்ட்

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் இருந்த எங்கள் கம்பெனியில் யாரையும் வேலையைவிட்டு நிறுத்தியதாகச் சரித்திரமே கிடையாது. முதலாளி அவ்வளவு மரியாதைக்காரர். ஆளைத் தன் அறைக்குக் கூப்பிடுவார், டீ வரவழைப்பார், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிப்பார். கடைசியில், "கொஞ்ச நாள் ஊட்டுல ரெஸ்ட் எடுங்க, சொல்லி அனுப்பறோம்" என்பார். அப்படிச் சொல்லி அனுப்பியதை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

கட்டிங் மாஸ்டர் பழனிசாமி மட்டும் அதை நம்பிவிட்டார். தினமும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, கம்பெனி வேன் வரும் நேரத்துக்கு நல்லூர் முக்கில் வந்து நிற்பார். நான் ஏறுவேன், அவர் ஏற மாட்டார். ஏன் இப்படி வெயிலில் நிற்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"சொல்லி அனுப்பற ஆளு ஊடு தெரியாம அலையக் கூடாதுங்களே" என்றார்.

வடக்கு ஜன்னல்

சாயப்பட்டறையிலிருந்து வரும் துணியில் ஒரு துண்டு, வெளிநாட்டுக்காரன் சரி சொன்ன துணியில் ஒரு துண்டு. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்து, ஒரே நிறம் என்றால் கையெழுத்துப் போட வேண்டும். நேர்வெயில் விழாத வடக்கு ஜன்னல்தான் அதற்குத் தோது. இருபத்தாறு வருஷம் அந்த ஜன்னல்தான் என் ஊர்.

அந்த வருஷம் எனக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பயம் ஒரு பக்கம் இருந்தாலும், உண்மையைச் சொன்னால், அது அழகாகவும் இருந்தது. எல்லாத் துணியும் சாயங்கால வெளிச்சத்தில் நனைந்து வந்தது போலத் தெரியும். தைக்கிறவர்கள் பாதி மூடுபனிக்குள் உட்கார்ந்திருப்பார்கள். மெஷின் சத்தம் எங்கோ மழை பெய்வது போலக் கேட்கும். நான் வேலையை விட்டுவிட்டதாக நினைத்துப் பார்ப்பேன். வீட்டில் மெத்தையில் படுத்திருக்கிறேன், ஜன்னல் நிறைய ஆகாயம், யாரோ ஒரு நீலத் துண்டைக் கொண்டு வந்து ஆகாயத்தோடு ஒத்துப்போகிறதா என்று கேட்கிறார்கள். நான் அவசரப்படாமல் பார்க்கிறேன். கனவில்கூட வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் வந்து நின்றிருந்த செக்கிங் சூப்பர்வைசர் சரோஜா கேட்டாள்: "ஏனுங்கண்ணா, ஒரு மணி நேரமா கையில துணியே இல்லாம எதைங்க பாஸ் பண்றீங்க?"

சட்டைப் பை

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து ராஜினாமாக் கடிதம் எழுதினேன். தேதி மட்டும் போடவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தினமும் போய்வந்தேன். அது பையில் இருந்தால் ஒரு தெம்பு. நாளைக்கே கொடுத்துவிடலாம் என்று இருக்கும்; அதனாலேயே இன்றைக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

சட்டை அழுக்கானால் துவைக்கப் போகும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. கூழான காகிதத்தைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுவேன், மறுபடி மறப்பேன். ஒரு நாள் மனைவி கொடியில் சட்டையை உதறிக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, உங்க ராஜினாமாவை இதோட மூணு தடவை தொவைச்சுட்டனுங்க. ஒண்ணு குடுங்க, இல்லாட்டி எழுதாதீங்க."

வெள்ளை

நிறங்களில் மோசமானது வெள்ளைதான். நீலம் பாய்ந்த வெள்ளை உண்டு, பாலாடை வெள்ளை உண்டு. குழந்தை பனியனுக்கு உடம்புத் துணி ஒரு தடவை வெளுத்த லாட்டிலும் கைத் துணி இன்னொரு தடவை வெளுத்த லாட்டிலும் வந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று நான் கையெழுத்துப் போட்டேன். தைத்த பிறகு பார்த்தால், உடம்பு ஒரு வெள்ளை, கை ஒரு வெள்ளை. கட்டுக்கட்டாகப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

சரோஜா ஒரு பனியனை எடுத்துவந்து ஜன்னலோரம் என் முன்னால் விரித்தாள். தப்பு எங்கே என்று தெரிந்த பிறகும் எனக்கு அது தெரியவில்லை. அவள் துணியை விட்டுவிட்டு என் கண்ணையே பார்த்தாள்.

"எனக்கு ரெண்டு வெள்ளை தெரியுதுங்கண்ணா. உங்களுக்கு எத்தனைங்க?"

முதலாளி அறை

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். டீ வந்தது. "அக்கா நல்லா இருக்காங்களா?" என்று என் மனைவியை விசாரித்தார். "உங்களுக்கு ஒடம்பு எப்படிங்க?" என்றார். பிறகு டம்ளரை உருட்டிக்கொண்டே, "எப்படிச் சொல்றதுன்னே தெரியலீங்கண்ணா" என்று ஆரம்பித்தார். எனக்கு அந்த மனுஷன் மேல் பாவமாக இருந்தது. அவரை எதற்குத் தவிக்கவிட வேண்டும்? பாதி டீயைக் கீழே வைத்தேன். "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க மொதலாளி. நானே நின்னுக்கறனுங்க" என்றேன்.

அவர் திகைத்துப் போனார். "நான் சொல்ல வந்தது வேறீங்கண்ணா. கோயமுத்தூர்ல தெரிஞ்ச கண்ணு டாக்டர்கிட்டப் பேசி வெச்சிருக்கறன். ஆப்பரேசன் பண்ணிட்டு ஒரு மாசத்துல வந்துருங்கன்னு சொல்லத்தான்…" என்று இழுத்தார்.

"அப்படீன்னா வந்தர்றனுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சொன்ன சொல்லை அவர் முன்னால் எப்படித் திருப்பி எடுப்பது? அவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கை கூப்பினார்.

"பெரியவங்க நீங்களே முடிவு பண்ணிச் சொன்னதுக்கப்பறம், வேண்டாமுன்னு நான் பேசுனா மரியாதையா இருக்காதுங்களே."

ஆபரேஷனை அந்த டாக்டரிடமே செய்துகொண்டேன். கட்டுப் பிரித்த அன்று, ஆஸ்பத்திரிச் சுவர் ஒரு வெள்ளை, தலையணை உறை வேறு வெள்ளை என்று பளிச்சென்று தெரிந்தது. அதைச் சொல்ல ஒரு ஜன்னல் இல்லையே என்று அழுகை வந்தது.

நாமாகப் போவது நல்லதா, காத்திருப்பது நல்லதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் முதலாளி டீ கொடுத்தால், டம்ளர் காலியாகும்வரை வாயைக் குடிப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.