கம்ப்யூட்டரில் இந்த வாரம் யார் பாடு?

போன வாரம் ஒரு காலை, இடுப்பளவு ஏரித் தண்ணீரில், தலைமேல் லேப்டாப்போடு நின்றுகொண்டிருந்தேன்.

குளிக்கப் போகவில்லை. டேட்டாபேஸ் ரிப்பேர் பண்ணப் போனேன்!

சிரிக்காதீர்கள். முழுசாகச் சொல்கிறேன்.

ஏரிக்கரைக் கிராமமான சுண்ணாம்புக்குளத்தில் எங்கள் நண்டு-இறால் சங்கத்தின் கம்ப்யூட்டருக்கு டாக்டர், கம்பவுண்டர், வாட்ச்மேன் எல்லாம் நான்தான். ஏரியில் கையால் தடவிப் பிடித்த நண்டு, கூடையில் எங்கள் கரையோரக் கொட்டகைக்கு வரும். தராசில் ஏற்றினால் எடை நேராக டேட்டாபேஸுக்குள் போகும். ஸ்டிக்கர் வெளியே வரும். ஸ்டிக்கர் ஒட்டின கூடையைத்தான் சென்னை வேன் ஏற்றும். அதுவும் உயிரோடு இருக்கிற நண்டு மட்டும். கையால் எழுதின சீட்டா? டிரைவர் தொடக்கூட மாட்டார்.

இந்த டேட்டாபேஸ் சில சமயம் முறைத்துக்கொண்டு நின்றுவிடும். ஒருத்தர் வேலையை முடிக்காமல் வழியை மறித்தால், பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான். உள்ளே யார் யாரை மறித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்ட அதிலேயே டயக்னாஸ்டிக் ஃபங்ஷன்கள் உண்டு. மறிக்கிற ஆளின் இணைப்பை வெட்டிவிடவும் ஒன்று உண்டு. இதையெல்லாம் யார் யார் தொடலாம்? அதுதான் பர்மிஷன்.

முதலில் ஆபீஸில் எல்லாருக்கும் கொடுத்திருந்தேன். தாராள மனசு... சரி, சோம்பேறித்தனம். ஒருத்தர் "இது இன்னா பண்ணும்?" என்று அமுக்கிப் பார்த்தார். அத்தனை பேர் இணைப்பும் போச்சு! பயந்துபோய் எல்லாரிடமிருந்தும் பிடுங்கி, என்னிடம் மட்டும் வைத்துக்கொண்டேன்.

சும்மா விடுவார்களா? கூட்டத்தில் எங்கள் பொருளாளர் தேசம்மாக்கா எழுந்தார்.

"அது இன்னா நைனா, உனக்கு மட்டும்? ஏரியில வலைக்காரங்களுக்குப் பாடு இருக்குது. இன்னிக்கு இந்த எடத்துல யாரு வலை போடணும்னு முறை வெச்சுத்தான் போடறாங்க. கையால தடவற நமக்கு அந்தப் பாடு கிடையாது. கம்ப்யூட்டர்லயாவது இருக்கட்டுமே!"

கைதட்டல். தீர்மானம். வாரத்துக்கு ஒருத்தர் பாடு. திங்கட்கிழமையானால் பர்மிஷன் தானாகவே கைமாறுகிற மாதிரி நானே செட் பண்ணினேன். முறை இல்லாத வாரம் என் கணக்கில்கூட ஒன்றும் இருக்காது. என்ன நேர்மை! எனக்கே புல்லரித்தது.

அந்தப் புல்லரிப்பு போன வாரம் அடங்கியது.

வேன் வந்து நிற்கிறது. தராசில் அஞ்சலையின் கூடை. ரொம்ப நாள் வெறுங்கையோடு வந்துகொண்டிருந்தவளுக்கு அன்றைக்குத்தான் கூடை நிறையப் பெரிய நண்டுகள். ஸ்க்ரீனில் வட்டம் சுற்றுகிறது... சுற்றுகிறது... ஸ்டிக்கரைக் காணோம்.

"ணா, வெயிலு ஏறுது. நண்டு நுரை தள்ளுதுணா. செத்துட்டா ஏத்த மாட்டான்."

"ஒரே நிமிஷம்மா" என்று பட்டனை அமுக்கினேன். வேலைக்கு ஆகவில்லை. இன்னொரு விண்டோ திறந்து அமுக்கினேன். இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. வைரஸா? ஹேக்கரா? எந்த நாட்டிலோ ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு அஞ்சலையின் நண்டைக் குறிவைக்கிறானா? சரி, உள்ளே எட்டிப் பார்க்கலாம் என்றால் — 'உங்களுக்கு அனுமதி இல்லை.' நானே போட்ட பூட்டு!

அந்த வாரம் தேசம்மாக்காவின் பாடு. அக்கா எங்கே? ஏரியில், இறால் தடவிக்கொண்டு. அவர் போன்? கரையில், பிளாஸ்டிக் கவருக்குள் சமர்த்தாக அடித்துக்கொண்டிருந்தது.

இறங்கிவிட்டேன். சட்டைப் பையில் நெட்டுக்கு என் போன், தலையில் லேப்டாப். சேறு ஒரு செருப்பை வாங்கிக்கொண்டது. இன்னொன்றை நானே கொடுத்துவிட்டேன்.

"இன்னா நைனா, ஆபீசையே தூக்கினு வந்துட்ட? கரையிலேர்ந்து ஒரு சத்தம் வுட்டிருந்தா நானே வந்திருப்பேனே."

"கத்தினேன்க்கா!"

"அது நீயா? ஏதோ கொக்குனு நெனச்சேன்."

"நண்டு சாவுதுக்கா. பாஸ்வேர்டைச் சொல்லுங்க, நான் பார்த்துக்கறேன்."

"அது எப்பிடி? சொல்லிட்டா உன் பாடு ஆயிடுமே. காட்டு இங்க."

என் சட்டையிலேயே கையைத் துடைத்துக்கொண்டார். நான் மேஜையாக நின்றேன். அவர் பாஸ்வேர்டை அடிக்கும்போது நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இடுப்பளவு தண்ணீரிலும் செக்யூரிட்டி!

ஃபங்ஷன் ஓடியது. காத்திருப்பவர்கள் வரிசை ஸ்க்ரீனில் வந்தது.

"கடைசியா நிக்கறது யாரு?"

"நான்."

"அதுக்கு முன்னால?"

"...நான்."

"அதுக்கும் முன்னால?"

அதுவும் நான்தான். பதற்றத்தில் திறந்த ஒவ்வொரு விண்டோவும் ஒரு ஆளாகப் போய் வரிசையில் நின்றிருந்தது.

"சரி, எல்லாரையும் மறிச்சுனு முதல்ல நிக்கறானே, அந்தப் பேமானி யாரு?"

அன்று காலை நண்டு விலையை மாற்றத் திறந்தவன், சேவ் பண்ணாமல் டீ குடிக்க எழுந்து போயிருக்கிறேன். அது அப்படியே விலையைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கூடையையும் உள்ளே விடாமல் நின்றிருக்கிறது.

"நான்தாங்க்கா."

அக்கா சிரித்த சிரிப்பில் நிஜக் கொக்குகள் பறந்துபோயின.

"உன்னை வெட்டி வுடவா?"

"வெட்டுங்க."

வெட்டினார். மறித்தவன், வரிசையில் நின்றவன் — அத்தனை 'நானும்' காலி. கரையில் தராசை மறுபடி அமுக்கிப் பார்த்த அஞ்சலையின் குரல் வந்தது: "ஸ்டிக்கரு வந்துச்சுக்கா!" கூடை வேன் ஏறியது.

ஈரப் பேன்ட்டோடு யோசித்தேன். பார்க்கிற உரிமை வேறு, வெட்டுகிற உரிமை வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, வாரம் ஒருத்தர் தலையில் வைத்தவன் நான். பயம் வந்தால் நாம் செய்கிற முதல் காரியம் கதவைப் பூட்டுவதுதானே? நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்ப்பதே இல்லை!

இப்போது சங்கத்தில் புது ஏற்பாடு. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க எல்லாருக்கும் பர்மிஷன். வெட்டுவதற்கு மட்டும் பாடு வர வேண்டும்.

அன்றைக்கு அஞ்சலையின் கூடையில் இரண்டு நண்டுகளை டிரைவர் கழித்துவிட்டார். அவள் அவற்றை நேராக என் கையில் திணித்தாள்: "நீ மறிச்சதுலதான் செத்துச்சு. நீயே எடுத்துனு போணா."

வீட்டில் மிளகு தட்டிப் போட்டுக் குழம்பு கொதித்தது. தட்டை நீட்டினேன். "கொழுப்பு ஜாஸ்தி, நண்டு பக்கமே போகாதேனு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?" என்று மனைவி சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

எனக்குப் பார்க்க மட்டும் பர்மிஷன்!