உலக்கைப் பூணும் ஆதிகால மழையும்

நேற்றுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மை பூச்சாடிக்குள் விழுந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் அதற்குக் கரிய மீசை முளைத்திருந்தது. மண்ணிலிருந்த இரும்புத் துகள்கள். தட்டிவிடப் போனவள் அப்படியே நின்று சிரித்தேன். மகள் ஒருமாதிரிப் பார்த்தாள். பார்க்கட்டும், உங்களுக்குச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழக வளாகத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளர். 'தற்காலிக' என்ற சொல்லை வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. அந்த மாத முடிவில் வேலையை நீடிப்பதா என்று முடிவெடுக்க இருந்தவர், எங்கள் துறையின் பெரிய விரிவுரையாளர். சேர் என்போம். அவருக்குப் பழைய மழைகள்மேல் பைத்தியம். மழை நன்றாகப் பெய்த காலத்தில் மண்ணுக்குள் நுண்ணிய காந்தத் துகள்கள் கூடுதலாக உண்டாகுமாம். அந்த மண் புதைந்து கிடந்தாலும் காந்தம் போகாது, அளந்தால் ஆதிகால மழை தெரியும் என்பார்.

நான் தங்கியிருந்த கோப்பாய் மாமி வீட்டுக்குப் பக்கத்தில் கிணறு வெட்டினார்கள். குழிக்குள் இறங்கிச் சிவந்த செம்பாட்டு மண்ணை அடுக்கடுக்காக எடுத்தேன். இரும்பு படக்கூடாதென்று தேங்காய்ச் சிரட்டைத் துண்டால் சுரண்டினேன். அவ்வளவு கவனம். பிறகு அதைப் பொடியாக்க வேண்டும். ஆய்வுகூடத்துப் பீங்கான் உரல் உடைந்திருந்தது, போர்க்காலப் பொருளாதாரத் தடையில் புதிது வர வழியில்லை. மாமியிடம் மாவிடிக்கும் மர உரல் இருந்தது. மாமி சுன்னாகம் சந்தைக்குப் போன நேரம் பார்த்து இடித்தேன். அடிமண் கட்டியாக இறுகிக் கிடந்தது. ஆழம் கூடக்கூட என் வியர்வையும் கூடியது.

மண்ணெண்ணெயில் ஜெனரேற்றரை ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு அளந்தோம். ஆழம் கூடக்கூடக் காந்தமும் கூடியது. சேருக்குக் கால் நிலத்தில் இல்லை. ஒரு காலத்தில் இங்கே அடைமழை கொட்டியிருக்கிறது என்று வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு அன்றே கடிதம் எழுத உட்கார்ந்தார். என் வேலை நிரந்தரமானதாகவே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வாசலிலேயே மாமி உலக்கையோடு நின்றா.

"பிள்ளை, இந்தப் பூணைப் பார். மாவிடிச்சு உப்பிடித் தேயுமே?"

உலக்கை அடியிலிருந்த இரும்புப் பூண் பளபளவென்று தேய்ந்திருந்தது. தேய்ந்த இரும்பெல்லாம் என் மண்ணுக்குள்தான் போயிருக்கிறது.

"மண் இடிச்சனான், மாமி."

"மண்ணோ? அப்ப காலமைப் புட்டு சிவப்பாயிருந்தது அதாலயோ?"

"ஓம் மாமி."

"நான் அரிசிதான் மாறிப்போச்செண்டு நினைச்சன். மாமா ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கித் திண்டவர்."

அடுத்த நாள் சைக்கிளை உழக்கிப் போய்ச் சேரிடம் உண்மையைச் சொன்னேன். கடிதம் அதிகாலையிலேயே கொழும்புக்குப் போன ஒருவரின் கையில் போய்விட்டிருந்தது. சேர் அளவுகள் எழுதிய தாளை எடுத்து விரித்தார்.

"மேல்மண்ணை எவ்வளவு நேரம் இடிச்சனீர்?"

"கொஞ்ச நேரம், சேர்."

"அடிமண்ணை?"

"கை நோகுமட்டும்."

"அப்ப நாங்கள் அளந்தது மழையை இல்லை, உம்மடை கையை."

"என்னை நிப்பாட்டப் போறியளோ, சேர்?"

"நிப்பாட்டினா, ஆர் திரும்ப இடிக்கிறது?"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மரச் சுத்தியலால் புது மண் உடைத்து, மூன்று மாதம் அளந்தோம். அடைமழை கரைந்துபோய் வரைபடத்தின் நடுவில் சின்னதாக ஒரு மேடு மட்டும் மிஞ்சியது. உண்மையான மழை அவ்வளவுதான். சேர் அதைக் கொப்பியொன்றில் அழகாக வரைந்தார். பிழை திருத்திய கடிதத்தையும் கொழும்புக்குப் போன இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார்.

எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. முதல் கடிதத்துக்கு. யாழ்ப்பாணத்தின் பெருமழையைத் தன் நூலில் சேர்த்துவிட்டதாகப் பேராசிரியர் வாழ்த்தியிருந்தார். சேர் மறுபடி எழுதினார், பிறகும் எழுதினார். எதுவும் போய்ச் சேரவில்லை.

தொண்ணூற்றைந்தில் போர் துரத்த ஊரே எழுந்து நடந்தபோது கொப்பி மேசை லாச்சிக்குள் இருந்தது. திரும்பிவந்து பார்த்தேன், மேசையே இல்லை. யாரோ விறகாக்கியிருப்பார்கள், பாவம், அவர்களுக்கும் சமைக்க வேண்டுமே. சேர் போய்ச் சேர்ந்தும் வருடங்களாகிவிட்டன. அந்தச் சின்ன மேட்டை இப்போது என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. உலகத்துக்குத் தெரிந்ததெல்லாம் நான் இடித்த மழைதான்.