வாப்பா உள்ள பத்து அநாதைகள்

படத்துக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது கல்யாணத் தரகை விடச் சிரமமான வேலை. தரகருக்காவது நல்ல சாப்பாடு கிடைக்கும். யுத்தம் முடிந்து சில வருடங்களில், கொழும்பிலிருந்து புத்தளத்துக்கு வந்த படக்குழு ஒன்று இந்த வேலையை என் தலையில் கட்டியது. சாவை வைத்துச் சிரிக்கிற கதை. அடங்காத அநாதைப் பொடியன்கள், தங்களைக் கொடுமைப்படுத்தும் விடுதி வார்டனுக்கு, ஆள் உயிரோடு இருக்கும்போதே ஜனாஸா ஊர்வலம் நடத்துகிறார்கள்.

பத்துப் பொடியன்கள் தேவை. முதலில் வந்து நின்றவன் இல்ஹாம். தாயும் தகப்பனும் இல்லாத, யதீம்கானாவில் வளரும் பதினைந்து வயதுக்காரன். மௌலவியின் அனுமதிக் கடிதமும் கையில் இருந்தது. நடித்தே ஆகவேண்டும் என்று என் உயிரை வாங்கினான். இயக்குநர் வரட்டும் என்று சொல்லிவைத்தேன்.

மவுத்து எப்படி?

தில்லையடியில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவரிடம் மகனைக் கேட்டுப் போனேன். பிள்ளைகளுக்காகப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்க அலைந்தவர்களுக்கு என் பாடு விளங்கும். படிவத்தில் 'அநாதை' என்ற சொல்லில் விரலை வைத்துக்கொண்டு, "அப்ப நான் மவுத்தா?" என்றார். கதையில் மட்டும்தான் என்றேன். எப்படி மவுத்து என்று கேட்டார். கதையில் அது இல்லை என்றேன். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"கடல்ல மூழ்கி எண்டு எழுதுங்க தம்பி. அப்பிடி மவுத்தானா மார்க்கத் தியாகிதான், ஷஹீதுட அந்தஸ்தாவது கிடைக்கட்டும்."

தோள் கொடுத்தவர்கள்

ஜனாஸாக் காட்சிக்குப் பள்ளிவாசலில் உள்ளதைப் போலவே ஒரு சந்தூக்குப் பெட்டி செய்வித்தோம். வார்டனாக நடித்தவரை அதில் கிடத்தி, பொடியன்கள் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். நம் ஊரில் சந்தூக்கைக் கண்டால் யார் எவர் என்று விசாரித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். கடைக் கதவுகள் பாதி சாத்தப்பட்டன, தொப்பிகள் தலைக்கு ஏறின, பொடியன்களின் தோளிலிருந்து சந்தூக்கு பெரியவர்களின் தோளுக்குப் போய்விட்டது. நான் கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். அடக்கம் செய்யும் மையவாடி வாசலில் வைத்து, பெட்டியில் கிடந்த மய்யித்தே பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தது. எல்லோரும் சிதறி ஓட, முன்னால் தோள் கொடுத்து வந்த முச்சக்கர வண்டிக்காரர் மட்டும் நின்று என்னை முறைத்தார்.

"மவுத்தாகல்ல எண்டா முன்னுக்கே சொல்றதில்லையா? நல்ல ஹயர் ஒண்டை, ஏறின ஆளையும் இறக்கி உட்டுப்போட்டு வந்தன்."

களை இல்லாத முகம்

இல்ஹாமை இயக்குநர் பார்த்தார். அழச் சொன்னார், அவனுக்குச் சிரிப்பு வந்தது. முகத்தில் அநாதைக் களை இல்லை என்று தள்ளிவிட்டார். தெரிவான பத்து அநாதைகளுக்கும் உம்மாமார் பகல் சோறு கட்டிக்கொண்டு வரிசையாகக் காத்திருந்தார்கள். இருக்கிற ஒரே அசல் அநாதை இவன்தான் என்று சண்டை பிடித்தும் பார்த்தேன், மனிதர் மசியவில்லை. இல்ஹாமோ விட்டுப் போகாமல் தினமும் வந்து ஓரமாக நின்றான்.

கடைசி நாள், வார்டனின் மகனாக நடிக்கவிருந்த பொடியனுக்குக் காய்ச்சல். இல்ஹாமைப் பிடித்து முன்னால் தள்ளினேன். ஒரே ஒரு வசனம்: "வாப்பா, சாப்பிட வாங்க." முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது. இயக்குநரே கை தட்டினார். ஆனால் இவன் இடத்தை விட்டு அசையவில்லை. இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டோம்.

"இன்னொருக்கா எடுங்க சேர். வாப்பா எண்டு இன்னொருக்கா கூப்பிட்டுப் பாக்கிறன்."

பத்து வாப்பாமாரைக் காகிதத்தில் மவுத்தாக்கிவிட்டு, ஒருவனுக்கு ஒரு வசனத்துக்கு மட்டும் ஒரு வாப்பாவை இரவல் வாங்கிக் கொடுத்ததுதான் நான் சினிமாவுக்குச் செய்த சேவை.