தண்ணீர்த் தொட்டியும் ஒரு கேமராவும்

கால் முறிந்து மூன்று மாதம் படுத்திருந்த கோடையில்தான் எங்கள் தோப்பை நான் முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன். பார்த்தது தோப்பில் நின்று அல்ல. ராஜபாளையத்து வீட்டின் முன்னறையில், கட்டிலில் கிடந்தபடி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். தினமும் பஸ்ஸில்தான் போய்வருவது. ஒரு நாள் காலையில் பஸ் நின்றுவிட்டது என்று நினைத்து இறங்கினேன். அது நிற்கவில்லை. தொடை எலும்பில் தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். அதன்பிறகு எனக்கு ஜன்னல், மின்விசிறி, மாத்திரை, மாத்திரை கொண்டுவரும் அரைத்தூக்கம் இவைதான் உலகம்.

தோப்பு என் கணவருடையது. ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருபத்தைந்து ஆண்டு இருந்துவிட்டு வந்தவர், அய்யனார் கோவில் போகும் வழியில் மலையடிவாரத்தில் உள்ள அந்த இடத்தில்தான் பொழுதைக் கழிப்பார். மாமரங்கள், கிணறு, மோட்டார் அறை, ஒரு சிமெண்ட் தொட்டி. போன மழைக்கு நாற்பது தென்னங்கன்றுகள் வைத்திருந்தார். அவற்றை ஒவ்வொன்றாக யாரோ பிடுங்கிப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பன்னிதான். இல்லேன்னா பக்கத்துத் தோட்டத்து ஆளு," என்றார்.

"பார்த்தீங்களா?"

"பாத்தாத்தானா? அந்த நாவ மரத்து வயித்தெரிச்சல் இன்னும் போகல அவியளுக்கு."

பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். அவர் மில்லில் வேலை பார்க்கிறார், தோட்டத்தைக் கவனிப்பது அவர் மனைவிதான். நான்கு வருடத்துக்கு முன் சர்வேயர் வந்து அளந்தபோது எல்லை இரண்டடி தள்ளிப் போய், அவர்கள் வைத்து வளர்த்த நாவல் மரம் எங்கள் பக்கம் வந்துவிட்டது. என் கணவர் உடனே முள்வேலி போட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

யார் என்று தெரியாமல் ஒருவரைச் சொல்லக்கூடாது என்று எனக்குப் பட்டது. படுத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலையாக ஒன்று கிடைத்த சந்தோஷமும் இருந்தது. காட்டு விலங்குகளைப் படம் பிடிக்கும் கேமராக்களைப் பற்றி ஒரு வாரம் போனில் படித்தேன். விலங்கின் உடம்புச் சூடு எதிரே அசைந்தால் அது தானாகவே விழித்துப் படமெடுக்கும். சிம் கார்டு போட்டால் எடுத்த படத்தை நம் போனுக்கு அனுப்பும்.

"உங்களுக்கு ஒரு வேலை," என்றேன் அவரிடம். "ரெண்டு கம்பெனி சிம்மையும் எடுத்துட்டுப் போய், தோப்புல எங்க எதுக்கு டவர் எடுக்குதுன்னு பாத்துட்டு வாங்க."

சிக்னல்காரர் அல்லவா. மறுநாள் மாலை ஒரு தாளில் தோப்பை வரைந்து, மரத்துக்கு மரம் புள்ளி வைத்துக் கொண்டுவந்தார். கிணற்றடியில் ஒன்றும் இல்லை. மோட்டார் அறையிலிருந்து வடக்கே நன்றாக எடுக்கிறது. அந்தத் தாளைப் பார்த்துதான் எந்த சிம் என்று முடிவு செய்தோம். சோலார் தகடு கேமராவின் தலையிலேயே ஒட்டியிருக்கும் மாதிரி மலிவாக இருந்தது. ஆனால் மாமர நிழலில் அதற்கு வெயில் எங்கே கிடைக்கும்? தகடு தனியாக, நீள வயரோடு வரும் மாதிரியைத் தேர்ந்தெடுத்தேன். இருட்டில் படமெடுக்கும்போது சிவப்பாக மினுங்காத விளக்கு வேண்டும் என்றும் பார்த்துக்கொண்டேன். மினுங்கினால் விலங்கு மிரளும், மனிதர்கள் கழற்றிக்கொண்டு போவார்கள். நம் பட்டா நிலத்துக்குள் வைத்துக்கொள்ளலாம், யானை வராமலிருக்க வெட்டிய அகழிக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் வைக்கக்கூடாது என்று வனக்காவலர் ஒருவர் அவரிடம் சொல்லி அனுப்பினார்.

கேமரா வந்ததும் கன்றுகளுக்கு எதிரே ஒரு மாமரத்தில் கட்டினார். முதல் நாள் நூற்றுக்கும் மேல் படங்கள் வந்தன. எல்லாம் புல். காற்றில் ஆடும் புல், வெயிலில் காய்ந்து ஆடும் புல். அவர் போய்ப் புல்லை அறுத்தார். அடுத்த நாள் படமெல்லாம் ஒரே வெள்ளை, கேமரா கிழக்கே பார்த்து நின்று காலைச் சூரியனை முறைத்துக்கொண்டிருந்தது. வடக்கே திருப்பச் சொன்னேன்.

"ஏட்டி, நீ படுத்துக்கிட்டே எம்புட்டு வேலை வாங்குத?" என்றார். ஆனால் போனார். தகட்டை மோட்டார் அறைக் கூரையில் தெற்கே சாய்த்துக் கட்டினார். எலி கடிக்காமலிருக்க வயரைப் பழைய தண்ணீர்க் குழாய்க்குள் விட்டார். தகட்டின் மேல் மயில் வந்து உட்கார்ந்து எச்சமிடுவதாகவும், அதைத் துடைப்பதே வேலையாகிவிட்டது என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வாரம் ஆள் அகப்பட்டது. முள்ளம்பன்றி. தென்னங்கன்றின் அடியில் உட்கார்ந்து, முட்களைப் பின்னால் சரித்துப் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் குருத்தைத் தின்றுகொண்டிருந்தது. படத்தை அவரிடம் நீட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். மீதிக் கன்றுகளைச் சுற்றிக் கம்பிவலை போட்டார்.

"பொறவு எதுக்கு அது? கழட்டிட்டு வாரேன்."

"வேண்டாம். தொட்டிக்கு நேரா வைங்க," என்றேன்.

அந்தச் சிமெண்ட் தொட்டி முன்பு மாடுகளுக்காகக் கட்டியது. மாடுகள் இல்லாமல் போனபிறகும் மோட்டார் ஓடும்போதெல்லாம் அது நிறையும். அதன் முன்னால் கேமரா நிற்கத் தொடங்கியபிறகு என் நாட்கள் மாறிவிட்டன. மாத்திரை போட்டுக் கண் செருகும் நேரத்தில் நெஞ்சின் மேல் கிடக்கும் போன் ஒருமுறை துடிக்கும். கண்ணைத் திறந்தால் ஒரு கீரி பின்னங்காலில் நின்று தண்ணீருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணை மூடினால் அது குடித்துவிட்டுக் கட்டிலடியில் போவது போலிருக்கும். இன்னொரு துடிப்பில் ஒரு மரநாய். விடிகாலைப் படங்களில் மிளா மான், பெரிய ஈரக் காதுகளோடு. ஒரு நாள் மலை அணில் ஒன்று, தன் உடம்பைவிட நீளமான சாம்பல் வாலைத் தொட்டி விளிம்பில் தொங்கவிட்டுக் குனிந்திருந்தது. ஒவ்வொரு படத்தின் அடியிலும் மணி, வெப்பநிலை, அன்றைய நிலாவின் வடிவம் மூன்றும் இருக்கும். என் அறையில் நாள் கிழமை மறந்துபோயிருந்தது. நிலா தேய்வதும் வளர்வதும் மட்டும் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. எது தூக்கத்தில் வந்தது, எது போனில் வந்தது என்று சில சமயம் பிரிக்க முடியவில்லை. பிரிக்கவும் நான் முயலவில்லை.

மே மாதத்தில் கிணறு வற்றியது. மோட்டார் காற்றை இழுக்கிறது என்று அவர் அதை நிறுத்திவிட்டார். பாய்ச்சும் வேலையும் இல்லை, என்னையும் தனியே விட முடியாது என்பதால் வாரத்துக்கு ஒருமுறைதான் தோப்புக்குப் போனார். ஆனால் படங்கள் வருவது நிற்கவில்லை. பழையபடி எல்லாம் வந்து குடித்துக்கொண்டிருந்தன.

அது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. ஒரு மத்தியானம் அந்த வாரத்துப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். தொட்டியின் உட்சுவரில் பாசிக்கோடு ஒன்று உண்டு. காலைப் படங்களில் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. மாலைப் படங்களில் கோட்டைத் தொட்டது. தினமும் அப்படியே.

"தொட்டியில தண்ணி ஏறுது," என்றேன் அவரிடம்.

"மோட்டாரே ஓடல. எப்படி ஏறும்?"

"யாரோ ஊத்துறாங்க."

"ஊத்துனா ஒம் பெட்டி புடிக்காதா?"

அதுதான் எனக்கும் புரியவில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்துக்கொண்டு கிடந்தேன். பிறகு படங்களின் அடியில் இருந்த வெப்பநிலையைப் பார்த்தேன். உச்சிவேளைகளில் அது நம் உடம்புச் சூட்டுக்கு மேலே போயிருந்தது. அப்போதுதான் தெரிந்தது. கேமரா பார்ப்பது ஆளை அல்ல, ஆளின் சூட்டுக்கும் சுற்றியுள்ள சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. மண்ணும் காற்றும் உடம்பும் ஒரே சூடாகிவிட்டால், எதிரே ஒருவர் நடந்து போனாலும் அதற்கு ஒன்றும் தெரியாது. அந்த வெயிலில் யாரோ தினமும் வந்து, எதன் கண்ணிலும் படாமல் போய்க்கொண்டிருந்தார்கள். இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதிய பாடம்தான். அன்றைக்கு அதை நினைத்து உடம்பு சிலிர்த்தது.

கட்டிலில் இருந்தபடியே போனில் கேமராவின் அமைப்பை மாற்றினேன். பகலில் சூடு அசைந்தாலும் அசையாவிட்டாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம். அதற்கு வேண்டிய வெயில் கூரையில் கொட்டிக் கிடந்தது.

மறுநாள் வெறும் தொட்டியாகவே படங்கள் வந்தன. தொட்டி, அதன் நிழல், நிழல் சுருங்கிய தொட்டி. பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் பிந்தி ஒரு படத்தில், நீலச் சேலையில் ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் குடத்தைச் சரித்துக்கொண்டிருந்தாள். அடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததில் மறுபடியும் குடத்தோடு. மூன்று நடை. முள்வேலிக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய ஆழ்துளைக் குழாய் இருக்கிறது. கம்பியைத் தூக்கிக் குனிந்து வந்திருக்க வேண்டும். முகம் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

மாலையில் அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றினார். துடைத்து மறுபடி போட்டார்.

"எத்தன நாளா?"

"கிணறு வத்துனதுல இருந்து இருக்கும்."

அவர் எழுந்துபோய் வாசலில் செத்த நேரம் நின்றார். சாப்பிடும்போது, "கன்னுகளப் புடுங்குனது அவியதான்னு நாலு பேர்ட்ட சொல்லிட்டேன்," என்றார். அந்த வாரம் தோப்புக்குப் போனவர் தொட்டிக்கு நேரே வேலியில் ஒரு ஆள் நிமிர்ந்து போகிற அகலத்துக்குக் கம்பியை வெட்டிவிட்டு வந்தார். வெட்டிய முனைகளைக் கையைக் கிழிக்காதபடி மடக்கிவிட்டேன் என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

நான் கேமராவை மறுபடி பழைய அமைப்புக்கே மாற்றினேன். அந்தப் பெண்ணின் படங்கள் என்னிடம் இருப்பது திருட்டுச் சாமான் வைத்திருப்பது போல உறுத்திக்கொண்டே இருந்தது. ஊன்றுகோலோடு நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே, ஆடி மாதத்தில், என்னைத் தோப்புக்குக் கூட்டிப்போகச் சொன்னேன்.

மலையில் சாரல் கட்டியிருந்தது. நாவல் மரத்தடி ஊதாவாகக் கிடந்தது. அவள் வேலிக்கு அந்தப் பக்கம் மல்லிகைச் செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து நிமிர்ந்தாள். என் மகள் வயதுக்குக் கொஞ்சம் மேலே இருப்பாள்.

"டீச்சர், காலு எப்படி இருக்கு?" நான்கு வருடத்துப் பேச்சின்மை நடுவில் இல்லாதது போலக் கேட்டாள்.

"நடக்கேன்மா. உன்ட்ட ஒண்ணு சொல்லணும்." போனைக் காட்டினேன். "கேக்காம உன்னப் படம் புடிச்சிட்டோம். நீ சொன்னா அழிச்சிடுறேன்."

அவள் பார்த்தாள். சிரிக்கவில்லை. "முதுகத்தான புடிச்சிருக்கு. பரவாலேது," என்றாள். பிறகு, "ஒரு நா காலம்பற மிளா ஒண்ணு வந்து வெறுந்தொட்டிய நக்கிட்டு நின்னுச்சு டீச்சர். பாக்க முடியல. அதான். உங்க தண்ணியா எங்க தண்ணியான்னுல்லாம் நெனைக்கல."

என் கணவர் சற்றுத் தள்ளி மாமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாவப்பழம் வீணாப் போகுதும்மா," என்றார் மரத்தைப் பார்த்தபடியே. "வந்து பொறுக்கிக்கோ. ஒன் வீட்டுக்காரரையும் வரச் சொல்லு. நான் பேசணும்."

"சொல்லுதேன் மாமா," என்றாள்.

அவள் படங்களை அவள் எதிரிலேயே அழித்தேன். மற்றப் படங்கள் எல்லாவற்றையும் அவளுக்குக் காட்டினேன். மரத்தடிக் கல்லில் உட்கார்ந்து, மண் ஒட்டிய விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். மலை அணிலில் நின்றாள். "இம்புட்டு வாலா," என்றாள் மெதுவாக. அன்றிலிருந்து வருகிற படங்களை அவள் போனுக்கும் அனுப்புகிறேன். இரண்டு ஆண்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டார்கள். என்ன பேசினார்கள் என்று எங்கள் இருவருக்குமே சொல்லவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் சூரியனே இல்லை. தகட்டுக்கு வெயில் கிடைக்காமல் கேமரா பாட்டரி இறங்கி, கடைசியாக மழை விழும் தொட்டியின் படம் ஒன்றை அனுப்பிவிட்டு ஓய்ந்துபோனது. நான் மறுபடி பள்ளிக்குப் போய்வரத் தொடங்கியிருந்தேன். ஒரு விடிகாலை, சேலை கட்டிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது.

"டீச்சர், பேசாதீங்க. கேளுங்க," என்று குரலை அடக்கிச் சொன்னாள்.

ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் மழைத் தூறல் மட்டும். பிறகு அதற்குள்ளிருந்து, நிதானமாக, ஏதோ ஒன்று தண்ணீர் குடிக்கும் சத்தம். என் கணவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். என்னவென்று கையால் கேட்டார். தெரியவில்லை என்று தலையாட்டினேன். அவளும் சொல்லவில்லை. அது குடித்து முடிக்கிறவரை நாங்கள் மூவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அன்று எனக்கு ஏழு மணி பஸ் போய்விட்டது.