மதிலில் வந்த கறுப்புப் பறவை

மனைவியின் முதல் திவசத்தன்று காகம் வரவில்லை.

ஆரையம்பதியில் காகத்துக்குப் பஞ்சம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அன்று வாவியில் நல்ல மீன்பாடு. ஊர்க் காகம் எல்லாம் கரையில் தோணிகளைச் சுற்றி நின்றன. காலையில் நானே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

பறவை பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அவள் இருந்தபோது, வாவிக்கரையிலிருந்து திரும்பியதும் குசினி வாசலில் நின்று கண்டதை எல்லாம் ஒப்புவிப்பேன். இது பெரிய நீர்க்காகம், அது சின்ன நீர்க்காகம், கழுத்து நீண்டது பாம்புத்தாரா என்று நான் பிரித்துப் பிரித்துச் சொல்ல, அவள் தேங்காய் துருவிக்கொண்டே, "ஓம் ஓம், எல்லாம் கறுப்புத்தானே" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திரும்பவும் முதலிலிருந்து விளக்குவேன். அவள் சிரிப்பாள். இப்போதும் தினமும் போகிறேன். கண்டதைச் சொல்லத்தான் வீட்டில் ஆளில்லை.

பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். திவசத்துக்கு அவளுடைய தங்கை குடும்பமும் அக்கம்பக்கத்தவர்களும் வந்திருந்தார்கள். சோறு, கறிகள், எங்கள் மரத்துப் பப்பாசி எல்லாம் வைத்து மதிலில் படைத்தாயிற்று. காகம் எடுக்காமல் யாரும் பந்தியில் இருக்கமாட்டார்கள். மத்தியானமும் கடந்தது.

"அக்காவுக்கு என்னவோ மனக்குறை, அத்தான்" என்றாள் மைத்துனி.

நான் இதை எல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் அந்த மதிலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.

பக்கத்து முருங்கையிலிருந்து கறுப்பாக ஒன்று இறங்கியது. சோற்றைத் தொடவில்லை. பப்பாசித் துண்டு ஒன்றைக் கொத்தி விழுங்கியது.

"வந்திட்டா" என்று மைத்துனி கைகூப்பி அழுதாள். "பாருங்க அத்தான், பப்பாசியத்தான் முதல்ல எடுக்கிறா. அவவுக்குப் பப்பாசி எண்டா உயிர்தானே."

நானும் ஒரு கணம் அவள்தான் என்று இருந்தேன். பிறகு இந்தப் பாழாய்ப்போன கண் தன் வேலையைப் பார்த்தது. அலகு வெளிர்பச்சை. கண் இரத்தச் சிவப்பு. வால் நீளம். அது ஆண் குயில்.

வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். அழுகிறவளிடம் போய்ப் பறவைப் பாடம் நடத்தவா? எல்லோரும் மனம் ஆறிச் சாப்பிட்டார்கள். எனக்கு ஒரு பிடி சோறும் இறங்கவில்லை. அத்தனை பேருக்கும் அவள் வந்துவிட்டுப் போயிருந்தாள். எனக்கு மட்டும் வரவில்லை.

பின்னேரம் ஒவ்வொருவராக விடைபெற்றுப் போனார்கள். மதிலில் படைத்த இலை காய்ந்து சுருண்டு கிடந்தது. கேற்றைச் சாத்திவிட்டு, பழக்கதோஷத்தில் குசினி வாசலில் போய் நின்றேன்.

"அது காகமில்ல, குயில்" என்றேன்.

அவள் தேங்காய் துருவும் துருவலை சுவரோடு சாய்ந்து கிடந்தது. "ஓம் ஓம், எல்லாம் கறுப்புத்தானே" என்று நானே சொல்லிப் பார்த்தேன். அவள் சொல்வதுபோல் வரவில்லை.