இடது கைச் சுண்டுவிரல்

என் விரல் ரேகை தேய்ந்துபோனது ஒரு மிஷின் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

முன்பெல்லாம் விதவைப் பென்ஷனைத் தபால்காரர் வீட்டுக்கே கொண்டுவருவார். ஐந்தாவது வரை படித்தவள் நான், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வேன். மகன் வீட்டில்தான் சாப்பாடு. ஆனால் மாத்திரைக்கும் வெற்றிலைக்கும் யாரிடமும் கை நீட்டாமல் இருந்தேன் என்றால் அந்தப் பணத்தால்தான். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்து கொஞ்ச காலம் கழித்து, இனிமேல் பணம் கார்டில்தான் ஏறும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கவைத்துப் பத்து விரலையும் கண்ணாடியில் அழுத்திப் பதிந்தார்கள். அப்புறம் மாதாமாதம் மகளிர் குழுப் பெண் ஒருத்தி கைமிஷினோடு வந்து தண்ணி டேங்க் அடியில் உட்காருவாள். கார்டைச் செருகி, விரல் வைத்தால் பணம்.

முதல் சில மாதம் கட்டைவிரல் ரேகை எப்படியோ மிஷினில் விழுந்தது. அந்த வருஷம் ஆம்பூர் கம்பெனிகளிலிருந்து எங்கள் தெருவுக்கு வேலை ஜாஸ்தி வந்தது. ஷூவின் மேல்தோலை வாங்கிவந்து வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுப்போம். தோல் கெட்டி, நூலை இழுத்து இறுக்கினால் விரலை அறுக்கும்.

அடுத்த முறை விரல் வைத்தேன். மிஷின் கீச்சென்று கத்தியது.

"கைய நல்லா தொடச்சிட்டு வை ஆயா," என்றாள் அந்தப் பெண். துடைத்து வைத்தேன். மறுபடியும் கத்தியது.

"இன்னாம்மா, எங்கனா திருடப் போறதுக்கு ரேகைய அழிச்சிட்டு வந்தியா?" என்றார் பின்னால் நின்ற பெரியவர். வரிசையே சிரித்தது. எனக்கு நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். தலையைக் குனிந்துகொண்டேன்.

எதிர்வீட்டு பாய் சம்சாரம்தான் எனக்காகப் பேசினாள். "நான் கல்யாணமாயி வந்ததுலேர்ந்து இவங்கள பாக்கறேன். நான் சொல்றேன், குடும்மா."

"எனக்கு மட்டும் தெரியாதா அக்கா? விரல் வுழாம குடுக்கக் கூடாதுன்னு ரூலு. பக்கத்து ஊர்ல ஒருத்தி செத்துப்போன மாமியா கார்டுல எப்படியோ வாங்கிட்டிருந்தாளாம், போலீஸ் ஜீப்பே வந்திச்சி. அதுலேர்ந்து ரொம்பக் கெடுபிடி." என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த மாசமும் வுழலன்னா ஆள் இல்லன்னு எழுதி அனுப்பணும் ஆயா. பேரு கட் ஆயிடும்."

ஆள் இல்லை. நின்றுகொண்டிருக்கும்போதே அப்படி எழுதிவிடுவார்களா? அந்த மாதம் முழுக்க இதே நினைப்புதான். மகனிடம் சொல்லவில்லை. "போனா போவட்டும், வுடும்மா" என்பான். அதற்கப்புறம் மாத்திரைக்குக்கூட அவன் சட்டைப் பையைத்தான் பார்க்க வேண்டும். இடுப்பு வலி என்று பொய் சொல்லித் தையலை நிறுத்தினேன். தேங்காய் எண்ணெய் தடவித் தடவி, ஜன்னல் வெளிச்சத்தில் கட்டைவிரலைப் பார்ப்பேன். பாலிஷ் போட்ட தோல் மாதிரி வழவழவென்று இருந்தது.

ஒருநாள் சைக்கிள் திருட்டு விசாரிக்கத் தெருவுக்குள் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். என்னைத் தேடித்தான் என்று நினைத்து, நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். மருமகள் கதவைத் தட்டினாள்.

"இன்னா அத்தை, உள்ள போயி எவ்ளோ நேரமாச்சி, தண்ணி சத்தமே காணோம்?"

அவசரமாக ஒரு சொம்பு தண்ணீரைத் தரையில் ஊற்றினேன். பாதி என் புடவையிலேயே விழுந்தது.

பணம் கொடுக்கும் நாள் வந்தது. கட்டைவிரல் வைத்தேன், கத்தியது. ஆள்காட்டி விரலுக்கும் கத்தியது.

"இன்னும் ஒரு வாட்டிதான் ஆயா. அதுக்கப்புறம் கார்டு லாக் ஆயிடும். எந்த விரல்னு நீயே சொல்லு."

இரண்டு கையையும் விரித்துப் பார்த்தேன். எல்லா விரலிலும் நூல் அறுத்த தழும்பு. இடது கைச் சுண்டுவிரலில் மட்டும் இல்லை. தைக்கும்போது அது எப்போதும் தனியாகத் தள்ளி நிற்கும். அதை நீட்டினேன். நீட்டினேனே தவிர, கண்ணாடியில் நிற்கவில்லை, அப்படி ஆடியது. பாய் சம்சாரம் என் மணிக்கட்டைப் பிடித்து, "பிஸ்மில்லா" என்று முணுமுணுத்து அழுத்தினாள்.

மிஷின் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அப்புறம் கரகரவென்று சீட்டு வெளியே வந்தது.

"அப்பாடா, ஆள் இருக்குதுப்பா!" என்றார் அந்தப் பெரியவர். இந்தத் தடவை நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியிலேயே பயம் வந்துவிட்டது. அடுத்த மாதமும் இதே விரல்தானே விழ வேண்டும்?

மறுநாள் தைக்க உட்காரும்போது அந்த விரலில் மட்டும் துணி சுற்றிக்கொண்டேன்.

"நல்லா இருக்கிற விரலுக்கு ஏன் அத்தை கட்டு?" என்று மருமகள் சிரித்தாள்.

வெங்காயம் அரியும்போதும், அடுப்பிலிருந்து சட்டியை இறக்கும்போதும் அந்த விரலைத்தான் முதலில் மடக்கிக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான், கை தானாகவே மடங்கிக்கொள்கிறது.